நான்கு நிமிடச் சுருளுக்குள் ஒரு வீடு: பழைய அமெரிக்க வீட்டுப் படங்களும் அவை எழுப்பும் ஏக்கமும்

கிறிஸ்துமஸ் காலையில் இரவு உடையோடு மாடிப்படி இறங்கிவரும் இரண்டு குழந்தைகள், கூடத்தின் வாசலை எட்டியதும், மரத்தடியில் குவிந்திருக்கும் பரிசுப் பொட்டலங்களை நோக்கி ஓடாமல் ஒரு கணம் நின்று, கையை உயர்த்திக் கண்களை மறைத்துக்கொள்கிறார்கள். 1950களில் அமெரிக்கக் குடும்பங்கள் தங்களுக்காகத் தாங்களே எடுத்துக்கொண்ட 8 மி.மீ. படச்சுருள்களை இணையத்தில் தேடிப் பார்ப்பவர்கள், இந்தக் காட்சியை வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு குழந்தைகளோடு பலமுறை பார்த்திருப்பார்கள். வியப்பாலோ வெட்கத்தாலோ முகத்தை மூடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அவர்களுக்குக் கண் கூசுகிறது. அக்காலத்து வண்ணப் படச்சுருளுக்கு ஒளியை உணரும் திறன் மிகக் குறைவு. வீட்டுக்குள் படம் எடுக்க வேண்டுமானால், சில நூறு வாட் விளக்குகள் இரண்டையோ நான்கையோ ஒரு சட்டத்தில் பொருத்தி, நடுவில் கேமராவை மாட்டி, அதைத் தூக்கிப் பிடித்தபடி அப்பா குழந்தைகள் வரும் வழியைப் பார்த்து நிற்க வேண்டும். அரைத்தூக்கத்தில் இருட்டிலிருந்து வரும் குழந்தையின் முகத்தில் முதலில் அறைவது அந்த வெளிச்சம்தான்.

இத்தகைய சுருள்களைப் பார்க்கும்போது மனத்தில் ஒரு கனிவும், அதனோடு சேர்ந்து எதையோ தொலைத்துவிட்ட உணர்வும் எழுவதைப் பலரும் சொல்கிறார்கள். தாம் பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட, தமக்கு எந்த உறவும் இல்லாத ஒரு குடும்பத்தின் புல்வெளியைப் பார்த்து, அந்தக் காலம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறது என்று ஏங்குகிறவர்களும் உண்டு. இந்த ஏக்கத்தைப் பொய் என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் அது எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தால், அக்காலத்து வாழ்க்கைக்கு அதில் இருக்கும் பங்கைக் காட்டிலும், சுருளின் நீளத்துக்கும் விலைக்கும் வேதியியலுக்கும் கேமராவைப் பிடித்திருந்த கைக்கும் இருக்கும் பங்கே பெரிது என்று தோன்றுகிறது. அதனால் முதலில் கருவியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1923ஆம் ஆண்டில் 16 மி.மீ. படச்சுருளையும் அதற்கான கேமராவையும் திரையீட்டுக் கருவியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை திரைப்படத் தொழிலில் பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், வீட்டுப் பயன்பாட்டுக்கான சுருளைத் தீப்பிடிக்கும் ஆபத்து குறைந்த அசிடேட்டில் செய்தார்கள். கேமரா, திரையீட்டுக் கருவி, திரை உள்ளிட்ட முழுத் தொகுப்பின் விலை 335 டாலர். அதைவிடக் குறைந்த விலைக்கு அன்று ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் கிடைத்தது. ஆகவே முதல் பத்தாண்டுகளில் வசதி படைத்தவர்களின் வீட்டில் மட்டுமே இந்தக் கருவி இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1932ஆம் ஆண்டில், அதே நிறுவனம் 8 மி.மீ. முறையை அறிமுகப்படுத்தியபோது நிலைமை மாறத் தொடங்கியது. புதிய கேமராவின் விலை 29 டாலர் 50 சென்ட்.

விலையைக் குறைப்பதற்கு அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது. 16 மி.மீ. அகலமுள்ள 25 அடிச் சுருளையே கேமராவில் போட்டு, முதலில் அதன் ஒரு பாதியில் மட்டும் படம் பதிய வைத்தார்கள். முடிந்ததும் சுருளை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டால் மறுபாதியில் படம் பதியும். கழுவும் கூடத்தில் அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, முனையோடு முனை ஒட்டி, 50 அடிச் சுருளாக்கி அனுப்புவார்கள். நொடிக்கு 16 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) என்ற வேகத்தில் அது ஓடி முடிய நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நடுவில் சுருளைத் திருப்பிப் போடும்போது ஓரங்களில் ஒளி கசிந்துவிடும் என்பதால், சரியாகப் பாதித் தூரத்தில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு வெளிச்சப் பூச்சு படர்ந்து மறைவதைக் காணலாம். கையால் முறுக்கிச் சாவி கொடுத்து இயக்கிய அந்தக் கேமராக்கள் ஒருமுறை முறுக்கினால் அரை நிமிட அளவுக்கே ஓடின. ஒரு காட்சி எவ்வளவு நேரம் நீளலாம் என்பதை வில்சுருளும் ஓரளவு முடிவு செய்தது.

நான்கு நிமிடம் என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. சுருளுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு. கோடாக் தன் வண்ணச் சுருளை, அதைக் கழுவித் தரும் கட்டணத்தையும் சேர்த்தே விற்றுவந்தது. ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் 1954இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின்னரே இரண்டும் தனித்தனியாயின. 1951இல் வந்த கோடாக்கின் பிரவுனி 8 மி.மீ. கேமரா ஐம்பது டாலருக்கும் குறைவு என்றாலும், சுருள் தொடர்ந்து செலவு வைத்துக்கொண்டே இருந்தது. ஒரே சுருளின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸும், நடுவில் ஒரு கோடைக் கடற்கரையும், இறுதியில் அடுத்த கிறிஸ்துமஸும் இருக்கக் கண்டால் அதில் வியப்பில்லை. ஓராண்டின் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் நிமிடங்களில் நான்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எந்தக் குடும்பமும் வாடகைக்குக் கணக்குப் போடும் மாலையையோ பிள்ளை காய்ச்சலில் கிடக்கும் இரவையோ தேர்ந்தெடுக்காது. கேக் வெட்டுவதையும் புதிய கார் வந்து நிற்பதையும் குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதையும் தேர்ந்தெடுக்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நான்கு நிமிடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, பார்ப்பவர் மனத்தில் அவையே ஆண்டு முழுவதுமாக விரிந்துவிடுகின்றன.

ஒளியுணர்வு குறைந்த சுருள் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 8 மி.மீ. வண்ணச் சுருளாக 1936இல் வந்த கோடாக்குரோமின் ஒளியுணர்வு எண் பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ 10. பிற்காலத்தில் நாம் புகைப்படக் கேமராவில் சாதாரணமாகப் போட்ட சுருளின் எண் 100. வெயில் நன்றாக அடித்தால்தான் படம் தெளியும். எனவே வீட்டுப் படங்கள் முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் ஏரிக்கரைக்கும் வெளியேறின. சமையலறை, படுக்கையறை, மழைநாள், அந்தி, பணியிடம் ஆகிய எல்லாம் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டன. அந்தக் காலத்தில் எப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது போன்ற ஒரு நினைவு பலருக்கு இருக்கிறதென்றால், அதற்கு வானிலையைவிட இந்த எண் 10 கூடுதலான காரணம்.

நிறத்துக்கு வருவோம். கோடாக்குரோமை உருவாக்கியவர்கள் லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கோடொவ்ஸ்கி என்ற இரு இசைக்கலைஞர்கள். ஒருவர் பியானோ, மற்றவர் வயலின். அவர்களுடைய முறையில் நிறமிகள் சுருளிலேயே இருப்பதில்லை. கருப்பு வெள்ளைப் படலங்கள் மூன்றை அடுக்காக வைத்து, கழுவும்போது ஒவ்வொரு படலத்துக்கும் உரிய நிறத்தை ஏற்றுகிறார்கள். கழுவும் வேலை கடினமானது என்பதால் வீட்டில் செய்ய முடியாது. தபாலில் அனுப்பினால் மஞ்சள் பெட்டியில் திரும்பி வரும். ஆனால் இந்த முறையில் நிறத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள்கள் சுருளில் மிச்சமிருப்பதில்லையாதலால், இருட்டில் வைத்த கோடாக்குரோமின் நிறங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நிற்கின்றன. வேறு நிறுவனங்களின் சுருள்களும், அதன்பின் வந்த பல திரைப்படப் பிரதிகளும் வெளிறிச் செம்மை பாய்ந்துவிட்ட நிலையில், 1952இல் ஒரு சிறுமி அணிந்திருந்த சிவப்புக் கோட்டு மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருக்கிறது. அதே சமயம் திரையீட்டு விளக்கின் ஒளியைக் கோடாக்குரோம் அதிகம் தாங்காது. ஆகையால் ஆசையாசையாய்த் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த சுருள் மங்கிப்போயிருக்க, பரணில் மறந்து கிடந்த சுருளே ஒளிர்கிறது. இன்று நம்மை அசரவைக்கும் நிறங்களில் ஒரு பகுதி, ஒரு வீட்டின் மறதி காத்துக்கொடுத்தது.

ஒலி இல்லாமையும் ஏக்கத்துக்குத் துணைபோகிறது. அக்காலத்து 8 மி.மீ. வீட்டுச் சுருள்களில் குரல் பதியவில்லை. ஒரு பெண் கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள், சிரிக்கிறாள், போதும் நிறுத்து என்பதுபோல் கையை வீசுகிறாள். அவள் உண்மையாகவே எரிச்சலோடு நிறுத்தச் சொன்னாளா, செல்லமாகச் சொன்னாளா என்பதைக் குரல் இருந்திருந்தால் ஒரு நொடியில் அறிந்துகொண்டிருப்போம். குரல் இல்லாதபோது செல்லம் என்றே எடுத்துக்கொள்கிறோம். போதாததற்கு, நொடிக்கு 16 சட்டகங்களாக எடுத்ததைச் சற்று வேகமாக ஓட்டும்போது எல்லாரும் துள்ளிக்கொண்டு நடப்பதுபோல் தெரிகிறது. அந்தத் துள்ளலை உற்சாகம் என்று படித்துக்கொள்கிறோம்.

இவ்வளவும் கருவியின் இயல்பு. அந்தக் கருவி சுற்றிச்சுற்றிக் காட்டிய வீடு எப்படி வந்தது என்பது வேறொரு வரலாறு. அமெரிக்காவில் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்களின் பங்கு 1940இல் ஏறத்தாழ 44 விழுக்காடு. 1960இல் அது 62 விழுக்காடு ஆனது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடனை எளிதாக்கியது. 1934இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகம் நீண்டகாலக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் முன்பு உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், 1947க்கும் 1951க்கும் இடையே லெவிட் நிறுவனம் 17,447 வீடுகளைக் கட்டியது. முதலில் கட்டிய வீடுகளின் பரப்பு 750 சதுர அடிதான். கார் நிறுத்த ஒரு பாதை, முன்புறம் புல், பின்புறம் இன்னும் வளராத ஒரு மரக்கன்று. வீட்டுப் படங்களில் பின்னணியாக வரும் அந்த ஒல்லியான மரக்கன்றைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குடும்பம் எவ்வளவு அண்மையில் அங்கே குடியேறியிருக்கிறது என்பது எனக்கு உறைக்கும். பழமையின் சின்னமாக நாம் காணும் அந்தத் தெரு, படம் எடுத்த நாளில் ஈரம் காயாத புதிய தெரு. பாட்டி, தாத்தா, பழைய நகரத்துத் தெரு, அங்கே பேசிய மொழி ஆகியவற்றை விட்டுவிட்டு வந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். கேமராவை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் உறவினர்களுக்குக் காட்டுவதற்குப் புதிய வாழ்க்கை ஒன்று கையில் இருந்தது.

அந்த வாழ்க்கையை அப்படியே ஒரு பொற்காலமாக எடுத்துக்கொள்பவர்கள் சில எண்களையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் குழாய் நீர், குளியல், கழிப்பறை ஆகிய வசதிகள் முழுமையாக இல்லை. 1959இல் மக்களில் 22 விழுக்காட்டினர் அரசு வரையறுத்த வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். 1952ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேரைப் போலியோ தாக்கியது. கோடை வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அனுப்ப அஞ்சினார்கள். அதே கோடையின் நீச்சல் குளங்களை நாம் சுருள்களில் பார்க்கிறோம், தண்ணீரில் குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்து மகிழ்கிறோம். கரையில் நின்ற தாயின் நெஞ்சில் அன்று என்ன இருந்தது என்பது எந்தச் சட்டகத்திலும் இல்லை. ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி 1955இல்தான் வந்தது.

பெண்களின் நிலையையும் சொல்லாமல் கடக்க முடியாது. 1950களின் நடுவில் முதல் திருமணம் செய்துகொண்ட அமெரிக்கப் பெண்களில் பாதிப் பேருக்கு வயது ஏறத்தாழ 20 அல்லது அதற்கும் குறைவாகவே இருந்தது. 1957ஆம் ஆண்டில் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. பிறந்தநாள் சுருளில் கேக் மேசைக்கு வருகிறது, மெழுகுவத்தி அணைகிறது, தட்டுகள் நிரம்புகின்றன. அந்தக் கேக்கைச் செய்ததும் தட்டுகளைக் கழுவியதும் பதியவில்லை. பல சுருள்களில் தாய் ஓரமாக வந்து ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுச் சட்டகத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அவள் நகர்வதைப் பார்த்தால், அவள் படத்தில் இருக்க வரவில்லை, வேலையாக வந்தாள் என்பது தெரியும். பல வீடுகளில் கேமரா தந்தையின் கையில் இருந்தது என்பதால் அவரும் பெரும்பாலும் தென்படுவதில்லை. புல்லின்மேல் நீளும் நிழலாகவோ, காரின் பளபளப்பில் வளைந்து தெரியும் உருவமாகவோ மட்டும் சிலபோது அகப்படுகிறார். தன் தந்தையின் முகத்தைத் தேடிப் பெட்டி நிறையச் சுருள்களைப் பார்க்கும் ஒருவருக்கு, அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டுமே மணிக்கணக்கில் கிடைக்கும். அதுவும் சிறிய சொத்து இல்லை என்று நினைக்கிறேன்.

1956இல் எடுத்த ஒரு வீட்டுப் படம் இந்தக் கனவின் உச்சம் என்று சொல்லத்தக்கது. கனெக்டிகட் மாநிலத்தின் வெதர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் வாழ்ந்த ராபின்ஸ் பார்ஸ்டோ பதின்ம வயதிலேயே படம் எடுக்கத் தொடங்கியவர். ஒட்டுநாடா நிறுவனம் ஒன்று நடத்திய போட்டியில் அவருடைய நான்கு வயது மகன் எழுதி அனுப்பிய வாசகம் பரிசு பெற, முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த டிஸ்னிலாந்துக்கு அந்தக் குடும்பம் முழுவதும் இலவசமாகப் பறந்தது. அந்தப் பயணத்தை அவர் 16 மி.மீ. சுருளில் எடுத்தார், பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் குரலில் விவரிப்பையும் சேர்த்தார். 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்துக்கொண்டது. பார்ஸ்டோ 2010 நவம்பரில் காலமானதையடுத்து, நியூயார்க் டைம்ஸில் கட்டுரையாளர் ஃபிராங்க் ரிச் இந்தப் படத்தை முன்வைத்து, எளிய குடும்பம் ஒன்றுக்கும் முன்னேற்றத்தில் பங்குண்டு என்று அன்று நிலவிய நம்பிக்கை எங்கே போயிற்று என்று கேட்டு எழுதினார். ஏக்கத்தின் நேர்மையான வடிவம் என்று நான் கருதுவது இதைத்தான். அவர் மீட்க விரும்பியது புல்வெளியையோ பழைய உடைகளையோ அன்று. அந்தப் படத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் ஏறக்குறைய இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர்கள் ஏன் இல்லை என்பதற்கு லெவிட் குடியிருப்புகளின் பத்திரங்களில் விடை இருக்கிறது. லாங் ஐலண்டின் தொடக்ககால ஒப்பந்தங்களில், வீட்டுப் பணியாளர்களைத் தவிர வெள்ளையர் அல்லாத எவரும் அங்கே வசிக்கக் கூடாது என்ற விதி எழுத்திலேயே இருந்தது. வீட்டு வசதி நிர்வாகமும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குக் கடன் காப்புறுதி அளிக்க மறுத்துவந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த பின்னரும் நடைமுறை தொடர்ந்தது. 1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் லெவிட் நிறுவனமே கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதியர் தங்கள் மூன்று குழந்தைகளோடு குடியேறியபோது, அந்தக் குடியிருப்பின் முதல் கறுப்பினக் குடும்பமான அவர்களுடைய வீட்டின் முன் நாள்தோறும் கூட்டம் திரண்டது, சன்னல் உடைந்தது, மாநிலக் காவல்படை வர வேண்டியதாயிற்று. கல்லெறிந்த கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் வீடுகள் இருந்தன, அந்த வீடுகளிலும் பிறந்தநாள்கள் வந்தன. அதே தெருக்களில் அதே மாதம் எடுத்த ஏதோ ஒரு சுருளில் தோட்டத்துக் குழாயைப் பிடித்து நீர் தெளித்து விளையாடும் குழந்தைகள் இருக்கக்கூடும் என்ற எண்ணத்திலிருந்து என்னால் எளிதில் மீள முடியவில்லை.

ஆனால் கேமரா வெள்ளையர் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்று முடிவு கட்டினால் அது இன்னொரு பிழை. 1924க்கும் 1928க்கும் இடையில் ஓக்லஹோமாவின் கறுப்பின ஊர்களில் சாலமன் சர் ஜோன்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் தேவாலயக் கூட்டங்களையும் கடைகளையும் பள்ளிகளையும் 16 மி.மீ. சுருள்களில் பதிந்துவைத்தார். சிகாகோவின் தென்பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கறுப்பினக் குடும்பங்கள் எடுத்த சுருள்களைச் சேகரிக்க 2005இல் ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்ற திரைப்பட ஆய்வாளர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பொதுநினைவில் அந்த வீடுகள் இடம்பெறாமல் போனதற்குக் காரணம், படம் எடுக்காதது அன்று. எடுத்ததை யாரும் கேட்டு வரவில்லை.

மகிழ்ச்சியான படத்துக்கும் மகிழ்ச்சியான வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளியை எனக்கு முழுமையாகப் புரியவைத்தது வேறொரு சுருள். 1942 பிப்ரவரியில் வெளியான அதிபர் ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுள் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திவந்த டேவ் தட்சுனோ. யூட்டா பாலைவனத்தில் இருந்த டோபாஸ் முகாமில் கேமரா வைத்திருக்கத் தடை இருந்தது. முகாமின் கூட்டுறவுக் கடையில் தனக்கு மேற்பார்வையாளராக இருந்தவரின் உதவியோடு அவர் தன் 8 மி.மீ. கேமராவை உள்ளே வரவழைத்து, காவலர்கள் கண்ணில் படாமல் வண்ணத்தில் படம் எடுத்தார். 1996இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அதற்கு முன் பதிவேட்டில் ஏறியிருந்த ஒரே வீட்டுப் படம், அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதைப் பதிந்த சுருள்.

தட்சுனோவின் சுருளில் என்ன இருக்கிறது? பனியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். புத்தாண்டுப் பலகாரத்துக்காக வெந்த அரிசியை இடிக்கிறார்கள். தேவாலயத்திலிருந்து மக்கள் நல்ல உடையில் வெளியே வருகிறார்கள். கேமராவைக் கண்டு சிரிக்கிறார்கள், கையசைக்கிறார்கள். எந்தப் புறநகர் வீட்டின் சுருளிலும் இருக்கும் அதே சிரிப்பு, அதே கையசைப்பு. பின்னால் தார்க்காகிதம் போர்த்திய குடியிருப்புக் கொட்டகைகளைக் கவனிக்காதவர் இதை ஒரு விடுமுறை முகாம் என்றே நினைக்கலாம். காவல் கோபுரத்தையும் வேலியையும் அவரால் அருகில் சென்று எடுக்க முடியவில்லை, எடுத்தால் பிடிபட்டிருப்பார். அதே முகாமில் 1943 ஏப்ரலில் 63 வயது முதியவர் ஒருவர் வேலிக்கு அருகே காவலாளியால் சுட்டுக் கொல்லப்பட்டார். பாலைவன முகாமில் அடைபட்டவர்களும் கேமராவின் முன் நிற்கும்போது சிரித்தார்கள் என்றால், கேமராவின் முன் ஒருவர் சிரிப்பது, எடுப்பவருக்கும் அவருக்கும் இடையிலான உறவுக்கான சான்றாகுமே தவிர, அவர் வாழ்ந்த காலத்துக்கான நற்சான்றாகாது. அந்தச் சிரிப்பைப் போலி என்றும் நான் சொல்ல மாட்டேன். அது தட்சுனோவுக்காகச் சிரித்த சிரிப்பு.

பழைய சுருள்கள் இன்றைய ஏக்கத்தின் மொழியாக மாறியதற்கு இடையில் இன்னொரு படியும் உண்டு. 1965இல் சூப்பர் 8 சுருள் வந்தது. பெட்டியோடு செருகினால் போதும் என்பதால் நடுவில் திருப்பிப் போடும் வேலை ஒழிந்தது. 1980களில் வீடியோ கேமரா பரவியபோது மணிக்கணக்கில் ஒலியோடு எடுக்க முடிந்தது. வீட்டின் சலிப்பும் சச்சரவும் தொலைக்காட்சியின் இரைச்சலும் அப்போதுதான் பதியத் தொடங்கின. அதே பத்தாண்டில், குழந்தைகளாகப் படத்தில் தோன்றியவர்கள் பெற்றோரின் சுருள்களைக் கடையில் கொடுத்து வீடியோ நாடாவுக்கு மாற்றி வாங்கினார்கள். பல கடைகள் அதில் மெல்லிய இசையையும் சேர்த்துக் கொடுத்தன. ஊமையாக இருந்த படத்துக்கு இவ்வாறு ஓர் உணர்ச்சி வெளியிலிருந்து ஏற்றப்பட்டது. விளம்பரங்களும் தொலைக்காட்சித் தொடர்களும், நினைவு என்று காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் நடுங்கும் சட்டகத்தையும் ஓரத்து ஒளிக்கசிவையும் கீறல்களையும் பயன்படுத்தத் தொடங்கின. 1955இல் ஒரு தந்தை, சுருள் வீணாகிவிட்டதே என்று வருந்தியிருக்கக்கூடிய அந்த ஆரஞ்சுப் பூச்சு, இன்று கைபேசியில் ஒரு தொடுகையில் சேர்க்கும் அலங்காரமாகிவிட்டது.

உண்மையான சுருள்கள் இதற்கிடையில் அழிந்துகொண்டிருக்கின்றன. அசிடேட் காலப்போக்கில் சிதைந்து வினிகர் வாடை வீசும். சுருங்கி, வளைந்து, திரையீட்டுக் கருவியில் ஓட மறுக்கும். ஒன்றில் தொடங்கினால் அருகிலுள்ள சுருள்களுக்கும் அந்தச் சிதைவு வேகம் பிடிக்கும் என்பதால், வாடை வரும் சுருளைத் தனியே எடுத்துக் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள் காப்பகத்தார். இலக்கமுறைக்கு (டிஜிட்டலுக்கு) மாற்றிய பிறகு மூலச் சுருளை எறிந்துவிட வேண்டாம் என்றும் அவர்கள் வற்புறுத்துகிறார்கள். நன்றாகக் காத்த சுருள் எந்த வன்தட்டையும்விட நீண்டநாள் வாழும். கோடாக்குரோமின் உற்பத்தி 2009இல் நின்றது. அதைக் கழுவிய கடைசிக் கூடம் கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30 வரை வந்து சேர்ந்த சுருள்களை ஏற்றுக்கொண்டு அதுவும் முடித்துக்கொண்டது. யாராவது பரணில் கழுவாத கோடாக்குரோம் சுருளைக் கண்டெடுத்தால், அதிலிருக்கும் காட்சியை அதற்குரிய நிறங்களில் காண இனி எளிய வழியில்லை.

2003 முதல் ஆண்டுதோறும் பல ஊர்களில் காப்பக வல்லுநர்கள் வீட்டுப் பட நாள் ஒன்றை நடத்துகிறார்கள். யாரும் தங்கள் சுருளைக் கொண்டுவரலாம். அதன் நிலையைச் சோதித்து, ஓட்டத்தக்கதாக இருந்தால் எல்லாருக்கும் முன்பாகத் திரையிடுவார்கள். சுருளுக்குச் சொந்தக்காரர் திரையருகே நின்று, இவர் என் அத்தை, இந்த வீட்டை இடித்துவிட்டார்கள், இந்தப் பையன் வியட்நாமிலிருந்து திரும்பவில்லை என்று ஓடும் படத்தின்மேல் பேசலாம். சிகாகோவின் தென்பகுதித் திட்டத்திலும் சுருளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. கொடுத்தவரை உட்காரவைத்து, படத்தை ஓட்டி, அவர் சொல்வதைப் பதிந்து அதனோடு சேர்த்து வைக்கிறார்கள். ஒரு தாய் சட்டகத்தின் ஓரத்தில் வந்து குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுப் போகும் அந்த மூன்று நொடியில், அவள் பெயர் என்ன, அன்று காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், அந்தக் கேக்கை எங்கிருந்து கற்றாள் என்பதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது ஆகிறது.